கடன் வாங்கல மிஸ், சில்லறை மாத்துறோம்

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வில் 150 கேள்வி. அதில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். கொடுங்கையூர், வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் ராத்திரி பத்து மணிக்கும் கைடைப் புரட்டிக்கொண்டிருப்பவர்கள் மனப்பாடம் செய்வதெல்லாம் இதுதான்: பிள்ளையின் சிந்தனை வளர்ச்சிக்கு உளவியலாளர் பியாஜே சொன்ன நாலு நிலை, நல்லது கெட்டது அறிவதற்குக் கோல்பர்க் ஆறு நிலை, மன வளர்ச்சிக்கு எரிக்சன் எட்டு நிலை. பியாஜேவின் வயசுக் கட்டம் 0–2, 2–7, 7–11, அதற்கு மேல். அதே ஆள் மறுநாள் சாயங்காலம் டியூஷனில், 42-ல் 17 போக 35 என்று எழுதிய பிள்ளையின் நோட்டில் பெரிசாக ஒரு இன்ட்டு போட்டு, "இதே மாதிரி பத்து கணக்கு போட்டுட்டு வா" என்பார். ராத்திரி படித்த பியாஜே அந்த இன்ட்டு பக்கமே வரமாட்டார்.

பியாஜேவிடம் வாங்கிக்கொள்ள வேண்டியது வயசுக் கட்டம் இல்லை, தப்பு விடையை எப்படிப் பார்ப்பது என்பது. 1920 வாக்கில் அவருக்குப் பாரிஸில் பிள்ளைகளுக்கான அறிவுத்திறன் கேள்விகளைச் சரிபார்க்கும் வேலை. எத்தனை விடை சரி என்று எண்ணிவிட்டுப் போயிருக்கலாம். ஒரே வயசுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்பு செய்வது அவர் கண்ணில் பட்டது. அப்படியென்றால் அது கவனக்குறைவு இல்லை, உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. அதற்கப்புறம் வந்ததுதான் நிலை, வயசு எல்லாம்.

அந்த 35-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இன்ட்டு போடுவதற்கு முன்னால் "எப்படிப் போட்ட, சொல்லு பாப்பா" என்று கேட்டால் பதில் வந்துவிடும். "ஏழுலேர்ந்து ரெண்ட கழிச்சேன் மிஸ். ரெண்டுலேர்ந்து ஏழு போவாதே." ஒன்றாம் வகுப்பில் நாமே சொல்லிக் கொடுத்ததுதான் இது: பெரிசிலிருந்து சின்னதைக் கழி. பிள்ளை சட்டத்தை மீறவில்லை, நாம் போட்ட சட்டத்தை அளவுக்கு மேல் மதிக்கிறது. இப்போது பத்து கணக்கு கொடுத்தால் அந்தத் தப்புச் சட்டத்துக்குப் பத்து தரம் பயிற்சி. அதில் மாற்றிக் கழிக்கத் தேவையில்லாத 48-ல் 15 மாதிரி நாலு கணக்கு கலந்திருந்தால் இன்னும் மோசம். அவை சரியாக வந்துவிடும், சட்டம் உறுதியாகிவிடும்.

இதே பிள்ளையிடம் "உன் கையில 42 ரூபா கீது, 17 ரூபாய்க்கு சாமான் வாங்கிட்ட, மிச்சம் எவ்ளோ?" என்று கேளுங்கள். காசிமேட்டில் அம்மா பக்கத்தில் மீன் கூடையோடு உட்கார்ந்து பழகிய பிள்ளை என்றால் "இருவத்தஞ்சு" என்று யோசிக்காமல் சொல்லக்கூடும். பிரேசிலின் ரெசிஃபே நகரத்துத் தெருவில் வியாபாரம் செய்த பிள்ளைகளை வைத்து 1985-ல் வந்த ஆய்வு இதைத்தான் காட்டியது. கடையில் கேட்ட கணக்கில் 98 சதவீதம் சரி, அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது 37 சதவீதம். ரொம்பச் சின்ன ஆய்வு, ஐந்தே பிள்ளைகள். ஆனால் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு கொல்கத்தாவிலும் தில்லியிலும் பெரிய அளவில் செய்து 2025-ல் வெளியிட்டதும் அதே திசையில்தான் போகிறது. சந்தைக் கணக்கு தானாக நோட்டுக்கு வராது, நோட்டுக் கணக்கும் தானாகச் சந்தைக்குப் போகாது. நடுவில் யாராவது பாலம் போட வேண்டும்.

பாலம் இப்படி. பத்து ரூபாய் நோட்டு 4, ஒரு ரூபாய் காசு 2 பிள்ளை கையில். உங்கள் பக்கம் பத்து ஒரு ரூபாய் காசு. "எனக்கு 17 ரூபா குடு." ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டு, ஏழுக்கு வரும்போது முழிக்கும். அந்த இடத்தில் நாம் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். "சில்லறை இல்ல மிஸ்" என்று அதுவே சொல்லும். ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு பத்து காசு கொடுங்கள். இப்போது அதன் கையில் 12 காசு, ஏழைக் கொடுத்தால் ஐந்து. மிச்சம் 2 நோட்டு, 5 காசு. பிறகு கணக்கு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, 4-ஐ அடித்து 3 என்றும், 2-க்கு மேல் 12 என்றும் எழுதவைத்து, "இப்ப கையால செஞ்சது எது?" என்று கேளுங்கள். நோட்டில் எழுதும்போது காசு கண்ணெதிரே இருக்க வேண்டும். எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் பாடம் நடத்தினால் பாலம் பாதியில் நின்றுவிடும்.

"கடன் வாங்கிக் கழித்தல்" என்று எவர் பேர் வைத்தாரோ! வடசென்னைப் பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும், திருப்பிக் கொடுக்கணும். இந்தக் கணக்கில் பத்தாம் இடத்துக்கு எவரும் எதையும் திருப்பிக் கொடுப்பதே இல்லை. "சில்லறை மாத்துறோம்" என்று சொல்லிப் பாருங்கள்.

இங்கே இன்னொரு உளவியலாளர், வைகாட்ஸ்கி வருகிறார். பியாஜே பிறந்த அதே 1896-ல் பிறந்து, 37 வயசில் காசநோயில் போனவர். தனியாகச் செய்ய முடிகிறதுக்கும் துணையோடு செய்ய முடிகிறதுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில்தான் கற்பித்தல் வேலை செய்யும் என்றார். உதவியைக் கொடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குவதைச் சொல்லும் சாரக்கட்டு என்ற சொல்லைப் பல கைடுகள் அவர் தலையில் கட்டுகின்றன. அது 1976-ல் உட், புரூனர், ராஸ் மூவரும் எழுதியது. தெருமுனைக் கேரம் போர்டில் இது தினமும் நடக்கிறது. அண்ணன் ஸ்ட்ரைக்கரை வைத்துக் காட்டுவார், அடுத்த தரம் "இன்னும் கொஞ்சம் தள்ளி" என்பார், அதற்கடுத்து சும்மா நிற்பார். டியூஷனில் அதையே படியாக்கலாம்: முதலில் காத்திரு, அப்புறம் ஒரு கேள்வி, அப்புறம் காசு, அப்புறம் முதல் அடியை மட்டும் போட்டுக் காட்டு, கடைசியாக முழுக் கணக்கு. பிள்ளை செய்துவிட்டால் அடுத்த கணக்கில் ஒரு படி உதவியைக் குறை, மாட்டிக்கொண்டால் ஒரு படி கூட்டு. எந்தப் படியில் செய்தது என்று நோட்டு ஓரத்தில் ஒரு எண் எழுதுங்கள். பத்துக்கு ஆறு மார்க்கைவிட அந்த எண் சேதி சொல்லும். பெரும்பாலும் கெடுவது எங்கே? முதல் படியிலேயே கடைசிப் படி உதவியைக் கொடுத்துவிடுகிறோம், ஏழு மணி பேட்ச் வாசலில் நிற்கிறதே.

பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்று பிள்ளைக்குப் புரிகிறதா என்று பார்க்கிற பியாஜேவின் தண்ணி டம்ளர் சோதனையும் இப்படி அவசரத்தில்தான் பாழாகிறது. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி டம்ளர், ஒல்லியாக உயரமாக ஒன்று. முதல் இரண்டிலும் அளவு சமம் என்று பிள்ளையே ஊற்றிச் சரிபார்க்க வேண்டும். இதை விட்டால் சோதனையே செல்லாது. பிறகு அதன் கண்முன் ஒன்றை உயர டம்ளருக்கு மாற்றி, "ரெண்டுலயும் ஒரே அளவா, எதுலயாவது ஜாஸ்தியா?" ஐந்து வயசுப் பிள்ளை உயரமானதைக் காட்டும். ஆனால் மாற்றும் முன்னாலும் இதே கேள்வியைக் கேட்டிருப்போம். நம் வகுப்பில் மிஸ் ஒரே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டால் என்ன அர்த்தம்? முதல் பதில் தப்பு. ஆகவே பிள்ளை மாற்றிச் சொல்கிறது. வரிசையாக அடுக்கிய பொருட்களின் எண்ணிக்கையை வைத்துச் செய்த இதே மாதிரிச் சோதனையில், மாற்றிய பிறகு மட்டும் ஒரே தரம் கேட்டால் சரி விடை கூடுகிறது என்று ரோஸும் பிளாங்கும் 1974-லேயே காட்டிவிட்டார்கள். அது மட்டுமில்லை, "எப்படிச் சொல்ற?" என்று கேட்காத சரி விடை குருட்டு அடியாகவும் இருக்கலாம். "எதுவும் சேக்கல", "திருப்பி ஊத்துனா அதேதான்", "இது உசரம், ஆனா ஒல்லி" என்று ஏதாவது காரணம் வரவேண்டும்.

மிட்டாயை வைத்து, காத்திருந்தால் இரண்டு தருவேன் என்கிற சோதனையை வைத்து இங்கே சில பெற்றோர் கூட்டங்களில் பாடம் எடுக்கிறார்கள், சுயகட்டுப்பாடு உள்ள பிள்ளைதான் தேறும் என்று. 2013-ல் கிட் என்ற ஆய்வாளரின் குழு வெளியிட்ட சோதனையையும் சொல்லுங்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றிய பெரியவரிடம் பிள்ளைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள், ஏமாற்றியவரிடம் 3 நிமிடம். லாரித் தண்ணி வரும் என்று குடத்தை வரிசையில் வைத்து, வராமல் போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை கையில் இருப்பதை உடனே தின்றால், அது புத்திசாலித்தனம்.

வயசுக் கட்டம் நிஜமாகவே தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அங்கேதான் நாம் "பையன் லேட்டாத்தான் பேசுவான், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். 12 மாதத்தில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை, 18 மாதத்தில் நடக்கவில்லை, 24 மாதத்தில் "அம்மா வா" மாதிரி இரண்டு சொல் சேரவில்லை, எந்த வயசிலானாலும் பேசின பேச்சு நின்றுபோனது: இதில் எது இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு தரம் வரும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம், நேராக எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கும் போகலாம். பேச்சுக்காகப் போனாலும் முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். கதவு சத்தத்துக்குத் திரும்புகிறான் என்பது போதாது, அதிர்வுக்கும் குழந்தை திரும்பும்.