கூட்டு மருந்தை எதைக் கொண்டு அளப்பது?

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோய் வேரோடு அழிந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வது அவசர முடிவு. 2001இல் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப் என்ற மாத்திரை, இந்நோயைத் தூண்டும் பிசிஆர்-ஏபிஎல் புரதத்தை முடக்கினாலும், எலும்பு மஜ்ஜையில் உறங்கிக் கிடக்கும் புற்றுத் தண்டு உயிரணுக்கள் (புதிய புற்று உயிரணுக்களை உருவாக்கும் மூல உயிரணுக்கள்) உயிர்பிழைக்க அந்தப் புரதத்தை நம்பியிராததால் தப்பிவிடுகின்றன. கூட்டு மருந்து தேடப்படுவதே பெரும்பாலும் அவற்றுக்காகத்தான். பிரான்ஸில் நடந்த ஸ்பிரிட் ஆய்வில் இமாட்டினிப்புடன் பெக்-இன்டர்ஃபெரான் என்ற ஊசி மருந்தைச் சேர்த்தபோது மூலக்கூறு அளவிலான பலன், அதாவது ரத்தத்தில் நோயின் மரபணுத் தடம் குறைவது, கூடியது உண்மை. ஆனால் பாதியை நெருங்கும் அளவிலான நோயாளிகள் ஓராண்டுக்குள் அந்த ஊசியை நிறுத்த நேர்ந்தது. தினசரி மாத்திரையோடு பல்லாண்டு இயல்பாக வாழக்கூடிய ஒருவருக்கு (இது சிறிய வெற்றியல்ல) இன்னொரு மருந்தைச் சேர்க்கும்போது, ரத்தப் பரிசோதனை எண் குறைந்ததா என்பதைவிட, எல்லா மருந்தையும் நிறுத்திய பின்னும் நோய் திரும்பாதிருக்கிறதா என்பதையே முதன்மை அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.