நல்லெண்ணெய்க் குளியல்

(சிங்கப்பூர், யீஷூனில் ஒரு மாடி கார் பார்க். ஞாயிறு காலை. நடு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் பின்சக்கரத்துக்கு அடியில் அட்டையை விரித்துக் குந்தியிருக்கிறான் தம்பி. பைக் அக்காவுடையது. இவன் சின்ன பைக் ஓட்டுவதற்கான டூபி லைசென்ஸ் எடுத்துச் சில வாரமே ஆகிறது. இரவல் வாங்கித்தான் ஓட்டுகிறான். சொந்தக்காரரைவிட இரவல்காரனுக்குத்தான் வண்டிமேல் பாசம் பொங்கும். வம்பே அதில்தான்.)

அக்கா: தீபாவளி இன்னும் வரவில்லையே, இங்கே யாருக்குடா எண்ணெய்க் குளியல்?

தம்பி: உன் பைக்குக்குத்தான். செயின் கீச்சுகீச்சென்று கத்தியது, பாவமாக இருந்தது. அம்மாவின் நல்லெண்ணெயை ஊற்றினேன்.

அக்கா: எவ்வளவு?

தம்பி: கத்தல் நிற்கும்வரை.

அக்கா: எறும்பு வரிசை கட்டி வருகிறது, பார்.

தம்பி: அதுகளுக்கும் ஞாயிற்றுக்கிழமைதானே.

அக்கா: முதலில் டயரைத் துடை. செயின் சுற்றும்போது எண்ணெய் தெறித்து அங்கேதான் போகும். பிஐஇ விரைவுச்சாலை வளைவில் வழுக்கி விழப்போகிறாய்.

தம்பி: விழுந்தாலும் நல்லெண்ணெய் உடம்புக்குக் குளிர்ச்சி.

அக்கா: ஆஸ்பத்திரி ஏசி அதைவிடக் குளிர்ச்சி. டேய், இது நாளாக ஆகப் பிசுக்காகும். ரோட்டு மணலெல்லாம் அதில் ஒட்டி, செயின் மாட்டியிருக்கும் பற்சக்கரம் இருக்கிறதே, ஸ்ப்ராக்கெட், அதன் பல்லை அரைத்துத் தின்றுவிடும்.

தம்பி: அப்போ டபிள்யூடி-40 ஸ்ப்ரே? பக்கத்து புளோக் அங்கிள் கதவு, சைக்கிள், தள்ளுவண்டி எல்லாவற்றுக்கும் அதைத்தான் அடிக்கிறார்.

அக்கா: அது 1953இல் அமெரிக்காவில் தண்ணீரை விரட்ட, துருவைத் தடுக்கச் செய்தது. முதலில் அட்லஸ் ஏவுகணையின் மேல்தகட்டுக்குத்தான் அடித்தார்கள்.

தம்பி: ராக்கெட்டுக்கே தாங்கியது உன் பைக்குக்குத் தாங்காதா?

அக்கா: ராக்கெட் போனால் போனதுதான். நான் ஜூரோங் போய்த் திரும்பி வர வேண்டும். அந்த ஸ்ப்ரே அழுக்கைக் கரைக்கும், ஆனால் மெல்லியது, செயினில் நிற்காது. செயினுக்கென்றே செயின் லூப் என்று எண்ணெய் ஸ்ப்ரே விற்கிறது, இல்லாவிட்டால் 90ஆம் நம்பர் கியர் ஆயில்.

தம்பி: சரி, இப்போது இதைப் பெட்ரோல் ஊற்றிக் கழுவிவிடுகிறேன்.

அக்கா: கையை எடு! இது ஓ-ரிங் செயின். ஒவ்வொரு இணைப்பிலும் குட்டி ரப்பர் வளையம் இருக்கிறது. இணைப்புகளைக் கோக்கும் ‘பின்’ என்ற குட்டித் தண்டுக்கு வேண்டிய கிரீஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்து அந்த வளையத்தால் மூடிவிடுகிறார்கள். பெட்ரோலும் கம்பி பிரஷ்ஷும் அதைக் கெடுத்துவிடும். மண்ணெண்ணெய், மெத்தென்ற பிரஷ், துணி. அவ்வளவுதான்.

தம்பி: கிரீஸ் உள்ளேயே இருக்கிறதென்றால் வெளியே எதற்கு எண்ணெய்? அந்த வளையத்துக்கு வேலை கொடுக்கத்தானே காசு கொடுத்தோம்?

அக்கா: (ஒரு நொடி யோசித்து) கேள்வி நல்ல கேள்விதான். செயினில் இருக்கும் ரோலரும் ஸ்ப்ராக்கெட் பல்லும் உரசும் இடம் வளையத்துக்கு வெளியே இருக்கிறது. அங்கே எண்ணெய் வேண்டும். இல்லாவிட்டால் நம் ஊர் மழைக்குத் துருவும் ஏறும், ரப்பரும் வறண்டுவிடும்.

(தம்பி பெருமையாக மண்ணெண்ணெயை எடுக்கிறான். நல்ல கேள்வி கேட்டவன் அடுத்ததாக ஒரு மோசமான யோசனை சொல்வான் என்பது எல்லா வீட்டிலும் நடப்பது.)

தம்பி: சக்கரத்தைக் கையால் சுற்றச் சுற்றத் தோள் வலிக்கிறது. எஞ்சினைப் போட்டு ஒன்றாவது கியரில் விட்டுத் துணியை மட்டும் பிடித்துக்கொண்டால்?

அக்கா: உனக்கு எத்தனை விரல்?

தம்பி: பத்து.

அக்கா: அந்தக் கணக்கு அப்படியே இருக்கட்டும். துணியோடு விரலையும் பல்லுக்குள் இழுத்துவிடும். நியூட்ரலில், எஞ்சினை அணைத்து, கையால் சுற்று.

(சுற்றுகிறான். துடைக்கிறான். அக்கா ஸ்ப்ரேயை நீட்டுகிறாள்.)

அக்கா: கீழ்ப்பக்கம் ஓடும் செயினின் உள்பக்கமாக அடி. சுற்றும் வேகத்தில் அது தானே வெளியே பரவும். மிச்சத்தைத் துடைத்துவிடு. நாளையிலிருந்து ஓட்டி வந்ததும் செய், சூட்டில் நன்றாக இறங்கும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை, நல்ல மழையில் நனைந்தால் அதற்கு முன்னாடியே.

தம்பி: இதெல்லாம் செய்யாவிட்டால்?

அக்கா: பல் கொக்கியாக வளைந்துவிடும். அப்புறம் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் செட்டாக மாற்ற வேண்டும். வண்டி வைத்திருக்க வாங்கும் சிஓஇ உரிமம் எனக்குப் பத்து வருஷம் தருகிறது, செயின் தராது.

தம்பி: சரி, தொங்குகிறதே, இறுக்கியும் விடுகிறேன். (ஸ்பானரோடு மல்லுக்கட்டி) இப்போது பார், வீணைத் தந்தி தோற்றுவிடும்!

அக்கா: வாசிக்கவா போகிறாய்? ஸ்டிக்கரைப் படி.

தம்பி: 25 முதல் 35 மில்லிமீட்டர் ஆடணும் என்று போட்டிருக்கிறது. இவ்வளவு புதுச் செயினை எதற்கு ஆடவிட வேண்டும்?

அக்கா: ஆள் ஏறினால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங் ஆர்ம் மேலே போகும், இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே தூரம் கூடும், செயின் இன்னும் இறுகும். அந்த இழுப்பு கியர்பாக்ஸ் பேரிங்கில் போய் விழும். நம்பிக்கையில்லையா? ஸ்டாண்டிலிருந்து இறக்கி ஏறி உட்கார்.

(உட்காருகிறான். அக்கா செயினை அழுத்திப் பார்க்கிறாள். அசையவே இல்லை.)

தம்பி: குறைக்க வேண்டியது செயினையா, என்னையா?

அக்கா: உன்னைக் குறைக்க இன்றைக்கு நேரம் போதாது. இறங்கி நட்டைத் தளர்த்து. சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் இருக்கும் அளவுக்கோடு ஒரே அளவில் நிற்கணும்.