துரு மாதிரி பெயின்ட் அடிச்சா அது ஹாட் ராட் ஆயிடுமா?

ஹாட் ராட்னா பழைய காரை வாங்கி வேகத்துக்காகப் பிரிச்சு மாத்திக் கட்டின வண்டி. போன மாசம் இங்க பக்கத்து ஊர்ல ஒரு கார் ஷோ. கலிபோர்னியா வந்து ஒன்பது வருஷமாச்சு, இந்த மாதிரி ஷோ எதையும் நான் விடறதில்ல. அங்க ஒரு வண்டி, பாக்க 1932 ஃபோர்டு ரோட்ஸ்டர் (நிலையான கூரை இல்லாத கார்), உடம்பெல்லாம் துரு, சுத்தி ஒரே கூட்டம். ஓனர்கிட்ட பேச்சு குடுத்தா பாடி ஃபைபர்ங்கிறார், துரு பெயின்ட்டுங்கிறார், எஞ்சின் புதுசா பெட்டியோட வந்து இறங்கினதாம். கூட வந்த ஃப்ரெண்டு "செமயா இருக்குல்லடா"ன்னான். எனக்கு மனசு ஒட்டவே இல்ல. ஏன்னு அங்க வச்சு அவனுக்கு ஒழுங்கா சொல்ல வரல, அதான் இங்க எழுதறேன்.

அந்தக் காலத்து ஹாட் ராட்ல ஒவ்வொரு வேலைக்கும் ஒரு காரணம் இருந்துச்சு. 1930-கள்ல லாஸ் ஏஞ்சல்ஸ் சுத்துவட்டாரப் பசங்ககிட்ட காசு கிடையாது, ஆனா காயலாங்கடையில பழைய ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ மலிவா கிடைச்சுது. மலைக்கு அந்தப் பக்கம் மோஹாவி பாலைவனத்துல முரோக், எல் மிராஜ்னு வத்திப்போன ஏரிங்க, தரை இறுகிப்போய் மைல் கணக்குல தட்டையா கிடக்கும். அங்க கொண்டுபோய் யார் வண்டி வேகமா போகுதுன்னு பாக்கறதுதான் அவங்களுக்கு எல்லாமே. 1937-லயே எஸ்.சி.டி.ஏ.ன்னு ஒரு சங்கம் வச்சு, ரூல் போட்டு, டைம் அளந்து ஓட்ட ஏற்பாடு பண்ணிட்டாங்க. மட்கார்டைக் கழட்டினது எடை குறையட்டும்னு. பின்னாடி பெரிய டயர் போட்டது எஞ்சின் ஒரு சுத்து சுத்தினா வண்டி இன்னும் கொஞ்சம் கூடுதலா போகணும்னு. கூரையை அறுத்துக் குட்டையாக்கினது காத்து தடுக்காம இருக்க. போர் முடிஞ்ச கையோட 1946-ல பில் பர்க்னு ஒருத்தர் சண்டை விமானத்துக்கு அடியில மாட்டற பெட்ரோல் டேங்க்கை வாங்கி அதையே பாடியாக்கி கார் பண்ணிட்டார்! காத்துல வழுக்கிட்டுப் போற வடிவம், ராணுவம் கழிச்சுப் போட்ட சாமான், வேற என்ன வேணும்.

எஞ்சினும் அப்படித்தான். 1932-ல ஃபோர்டு விட்ட ஃப்ளாட்ஹெட் வி8, அதாவது வால்வு எல்லாம் எஞ்சின் பிளாக்குலயே இருக்கற எட்டு சிலிண்டர் எஞ்சின், 221 கன அங்குலம், 65 குதிரைத்திறன். இன்னைக்கு சின்னக் காரே அதைவிட அதிகம் குடுக்கும், ஆனா அதுக்கு முந்தின மாடல் ஏல 40தான். எட்டு சிலிண்டர்னாலே பணக்காரங்க வண்டின்னு இருந்த நேரத்துல சாதாரண ஆள் வாங்கற விலைக்கு அது வந்துச்சு. அதுக்கு ஒரு வியாதி உண்டு, சூடு. புகை வெளிய போற வழி பிளாக்குக்குள்ள தண்ணி ஓடற இடத்தை ஒட்டியே போறதால அந்தச் சூட்டையும் ரேடியேட்டர்தான் தாங்கணும். அதோடயே மல்லுக்கட்டி, ரெண்டு மூணு கார்புரேட்டர் வச்சு, வால்வைத் திறந்து மூட வைக்கிற கேம் தண்டை மாத்தி வேகம் எடுத்தாங்க. விக் எடல்ப்ராக் மாதிரி ஆளுங்க தன் வண்டிக்குன்னு மேனிஃபோல்டு (கார்புரேட்டரை எஞ்சினோட சேக்கற குழாய்) செஞ்சு பாத்து அதுல இருந்து ஒரு தொழிலே வளந்துச்சு.

நான் வாரக்கடைசியில பக்கத்துத் தெருவுல ஒரு தாத்தா கராஜுக்கு உதவிக்குப் போறேன், மாடல் ஏ கூப்பே (ரெண்டு கதவு, மூடின கூரை வண்டி) ஒண்ணு பண்றார். கூரையில மூணு இன்ச் குறைக்கணும். அறுத்து எடுத்துட்டு மேல் பாதியை இறக்கி வெல்டு வச்சா முடிஞ்சதுன்னுதான் நெனச்சிருந்தேன். கதவு ஃப்ரேமையும் அதே அளவு அறுக்கணும், கண்ணாடியும் அறுக்கணும், ஒரு நூல் பிசகினா கதவு சாத்தாது. இதுல கூரையைத் தாங்கற தூண் கிட்டத்தட்ட நேரா நிக்கிறதால பரவால்ல. 1949 மெர்குரி மாதிரி வண்டியில தூண் சாஞ்சு இருக்கும், மேல் பாதியை இறக்கினா கீழ் பாதியோட பொருந்தாது, கூரையையே அறுத்து நீட்டணும், இல்ல தூணை இன்னும் சாய்க்கணும். கார் பாடியை மாத்திக் கட்டறதுல பேர் போன சாம் பாரிஸ் அதை 1950-கள் ஆரம்பத்துலயே செஞ்சு காட்டினவர், அந்த வளைவைப் பாத்தா ஒரு இடத்துலயும் வெட்டு தெரியாது.

அப்புறம் வெல்டு வச்ச இடத்தை நிரவ ஈயம். எங்கப்பா நாமக்கல்ல லாரி பாடி கட்டற பட்டறையில இருந்தவர், டிங்கரிங் முடிஞ்சா பட்டி போட்டு தேய்க்கறதைப் பாத்து வளந்தவன் நான். தாத்தா பட்டியைத் தொடமாட்டார். தகரத்தைச் சுத்தம் பண்ணி வெள்ளீயம் பூசி, ஈயக்குச்சியை டார்ச்ல காட்டி வெண்ணெய் மாதிரி இளக்கி, எண்ணெய் தடவின மரக்கட்டையால இழுத்து விடுவார். சூடு கொஞ்சம் கூடினா மொத்தமும் தரையில ஒழுகிடும், குறைஞ்சா உதிரும். அப்புறம் அரத்தால ராவணும், உப்புத்தாள் வச்சு தேய்ச்சா ஈயத்தூசி மூச்சுல போயிடும். ஒரு மூலை முடிக்க எங்களுக்கு ரெண்டு ஞாயிறு ஆச்சு.

இது வெறும் பழம்பெருமைன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லணும். அந்தப் பசங்க பழசைப் பிடிச்சுத் தொங்கினவங்க இல்ல. ஃபோர்டு 1939-ல ஹைட்ராலிக் பிரேக் குடுத்ததும் அதைக் கழட்டி தங்களோட 1932 ஃபோர்டுல மாட்டினாங்க. கிடைச்சதுல நல்லதை எடுத்துப் போட்டுக்கறதுதான் அவங்க வழி. அதனால ஃபைபர் பாடி வச்சவங்க மேல எனக்குக் கோபம் இல்ல, அசல் 1932 ஃபோர்டு தகர பாடி வாங்கறது எல்லாராலயும் முடியாது. நல்லதா ஒரு கலர் அடிச்சு ஓட்டுங்க, நானே நின்னு பாப்பேன். ஆனா எண்பது வருஷம் மழையிலயும் வெயில்லயும் கிடந்து வந்த துருவை ஸ்ப்ரேல அடிக்கறது, படாத பாட்டைப் பட்டதா சொல்றது, அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல.

ஃப்ரெண்டை வர்ற ஞாயிறு தாத்தா கராஜுக்குக் கூட்டிட்டுப் போறேன். இடது கதவு இன்னும் மேல உரசுது, கழட்டி இறக்க ஒரு ஆள் வேணும்.