ஒரு ஷில்லிங் நங்கூரம்

நங்கூரம் எங்களுடையது, சங்கிலி எங்களுடையது, கடலோ யாருக்கும் சொந்தமில்லை. பிறகு எதற்கு ஐயா காசு? இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் சால்கம், டார்ட்மவுத், ஃபோவி துறைகளுக்கு வந்துபோகும் யாட்காரர்கள், அதாவது உல்லாசப் படகு வைத்திருப்பவர்கள், கோடைதோறும் கேட்கிற கேள்வி இது. பொழுது சாயும் நேரத்தில் துறைமுகத்தின் சின்னப் படகு ஓரமாக வந்து நின்று கட்டணம் கேட்டால் முகம் சுளிக்காதவர் குறைவு. கேள்வி பழசு. அதற்கு 1865-இல் ஒரு பதில் கிடைத்தது. நாலே வருடத்தில் அதற்கு நேர்மாறான பதிலும் கிடைத்தது. இரண்டையும் சொன்னது அந்நாளில் நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த அதே பிரபுக்கள் சபைதான்.

கென்ட் மாவட்டத்து விட்ஸ்டபிள் சிப்பிக்குப் பேர்போன ஊர். அங்குள்ள சிப்பி மீனவர்கள் 1793-இல் நாடாளுமன்றச் சட்டம் வழியாகவே ஒரு நிறுவனமானார்கள். தங்கள் சிப்பிப் படுகை மேல் நங்கூரம் பாய்ச்சும் கப்பல் ஒவ்வொன்றிடமும் ஒரு ஷில்லிங் வாங்கிவந்தார்கள். கான் என்ற ஒருவர் தர மறுத்தார். வழக்கு பிரபுக்கள் சபை வரை போனது. ஓதம், அதாவது கடலின் நீரேற்றம், ஏறி இறங்கும் நீரில் படகோட்டுவது பொதுமக்கள் உரிமை. ஓட்டுகிறவன் நிற்கவும் வேண்டும். ஆகவே வழிப்பயணத்தில் நங்கூரம் போடுவதும் அந்த உரிமையில் அடக்கம். அடிமண் என்னுடையது என்று சொல்வது மட்டும் காசு கேட்கப் போதாது, பதிலுக்குக் கப்பல்காரனுக்கு ஏதாவது நன்மை செய்திருக்க வேண்டும் என்று 1865-இல் தீர்ப்பானது. மீனவர்கள் தோற்றார்கள்.

விட்டார்களா? 1869-இல் ஃபோர்மன் என்பவருக்கு எதிராக அதே ஷில்லிங்குக்காக மறுபடி வந்தார்கள். இம்முறை வாதத்தை மாற்றிக்கொண்டார்கள்: இது வெறும் சிப்பிப் படுகை இல்லை, பழங்காலத்துத் துறையின் எல்லைக்குள் இருக்கும் இடம். அப்படியானால் இத்தனை காலம் வாங்கிவந்த கட்டணத்துக்கு முறையான தொடக்கம் இருந்திருக்கும் என்று சபை ஏற்றுக்கொண்டது. ஜெயித்தார்கள்.

நங்கூரக் கட்டணத்தைப் பற்றி இன்று நடக்கும் சண்டை முழுக்க இந்த இரண்டு தீர்ப்புகளுக்கு நடுவில்தான் ஊசலாடுகிறது. என் கட்சி இதுதான்: துறையின் எல்லைக்குள் நங்கூரத்துக்குக் காசு கேட்பதில் தப்பில்லை. பதிலுக்கு ஒன்றும் தராமல் கேட்பதும், படகின் நீளத்தை மட்டும் வைத்துக் கேட்பதும்தான் தப்பு.

கேட்பதில் ஏன் தப்பில்லை என்பதற்குச் சட்டத்தைவிட ஒரு சின்னக் கணக்கு நல்ல சாட்சி. அந்தக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருஓதத்தின்போது நீர்மட்டம் சுமார் 5 மீட்டர் ஏறி இறங்கும். நீர் வற்றியிருக்கையில் 3 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் நிற்கிறீர்கள் என்று வையுங்கள். ஓதம் ஏறினால் 8 மீட்டர். படகின் முன்முனையான அணியம் நீர்மட்டத்திலிருந்து 1 மீட்டர் உயரம், ஆக 9. கயிறு சேர்க்காமல் சங்கிலி மட்டும் போடுபவர்கள் இதைப்போல நாலு மடங்கு விடுவது வழக்கம்: 36 மீட்டர். ஓதம் வற்றிய பிறகும் சங்கிலியின் நீளம் அப்படியேதான் இருக்கும். அப்போது காற்று இழுத்துப் பிடித்தால் நங்கூரத்திலிருந்து அணியம் ஏறக்குறைய 36 மீட்டர் தள்ளி நிற்கும். 11 மீட்டர் படகென்றால் கடைப்பகுதி வரை 47 மீட்டர். இந்த ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் சுமார் 6,900 சதுர மீட்டர், அதாவது 1.7 ஏக்கர் தண்ணீர். அதே படகைத் துறை கடலடியில் நிலையாகப் பிணைத்து வைத்திருக்கும் கட்டுமிதவையில் கட்டினால் 20 மீட்டர் ஆரம் போதும்; சுமார் 1,250 சதுர மீட்டர். ஆக, “நான் சும்மா நங்கூரம்தானே போட்டிருக்கிறேன்” என்பவர் ஐந்து படகுகளின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்.

பக்கத்துப் படகும் உங்களோடு சேர்ந்தேதான் சுற்றும், வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழலாம் என்பீர்கள். பாதி உண்மை. காற்று ஒரு திசையிலும் ஓதம் எதிர்த்திசையிலும் இழுக்கும் முகத்துவாரத்தில், ஆழமான அடித்தட்டுள்ள பாய்ப்படகு ஓதத்துக்கு வளைந்து கொடுக்கும். உயரமான மோட்டார் படகு காற்றுக்குத் திரும்பும். குறுஞ்சங்கிலியில் கட்டுண்ட மிதவைப் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். ராத்திரி இரண்டு மணி மோதல்களெல்லாம் பெரும்பாலும் இந்தக் கலவையில் வருவதுதான். எங்கே நங்கூரம் போடலாம், எங்கே கூடாது என்று இடம் பிரித்து, மிதவை போட்டு, விளக்கெரித்து, ஆழம் அளந்து, ஆளனுப்பிக் காவல் பார்க்கிறதே துறைமுகம், அந்த வேலைக்கான கூலி அந்தக் கட்டணத்துக்குள் இருக்கிறது. டார்ட்மவுத்தில் துறையை நடத்துவது ஓர் அறக்கட்டளைத் துறைமுகம். பங்குதாரர்கள் கிடையாது, மிச்சப்படும் காசு துறைக்கே திரும்புகிறது. சால்கத்தில் நடத்துவது உள்ளூர் மாவட்ட மன்றம். அங்கே கடலடி நிலம் அரச குடும்பத்துச் சொத்தமைப்பான கார்ன்வால் டச்சிக்குச் சொந்தம், மன்றம் குத்தகைக்கு எடுத்திருக்கிறது. அரச குடும்பத்துக்குக் குத்தகை கட்டி நடக்கிற துறையில் ‘கடல் யாருக்கும் சொந்தமில்லை’ என்ற வசனம் எடுபடாது.

இனி குறை. நீளத்தை வைத்துக் கட்டணம் என்பது மிதக்கும் படகுத்துறையான பாண்டூனில் கட்டும் படகுக்கு நியாயம். 12 மீட்டர் படகு 12 மீட்டர் இடத்தை அடைக்கிறது. நங்கூரத்தில் அந்த நியாயம் உடைகிறது. மேலே போட்ட கணக்கையே எடுங்கள். 9 மீட்டர் படகின் வட்டம் சுமார் 6,360 சதுர மீட்டர், 12 மீட்டர் படகுக்கு 7,240. நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பிடிக்கிற இடத்தில் நூற்றுக்குப் பதினாலுதான் கூடுதல். இடத்தைத் தீர்மானிப்பது சங்கிலி, சங்கிலியைத் தீர்மானிப்பது ஆழம். நங்கூரத்துக்கு ஒரே தட்டையான கட்டணம், பாண்டூனுக்கு மீட்டர் கணக்கு என்று பிரிப்பதுதான் முறை. நீளக் கணக்கு நிலைப்பதற்கு ஒரே காரணம், வசூலிப்பவருக்கு அது சுலபம்.

கட்டணப் பட்டியலைப் படிக்கும்போது ஏமாறும் இடங்கள் சில உண்டு. துறைக் கட்டணம் வேறு, மிதவைக் கட்டணம் வேறு. சில இடங்களில் இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகப் போடுவார்கள், சில இடங்களில் தனித்தனி. நங்கூரம் போடுபவருக்குப் பெரும்பாலும் முதலாவது மட்டும். நீளம் என்றால் பதிவுச் சீட்டில் உள்ள உடல் நீளம் என்று நினைத்துப் பேசாதீர்கள். முன்னே நீட்டிய மூக்குமரம், பின்னே சிறுபடகு தொங்கும் தாங்கி எல்லாம் சேர்த்து முனைக்கு முனை அளப்பார்கள், பின்னத்தை அடுத்த மீட்டருக்கு ஏற்றிவிடுவார்கள். 10.1 மீட்டர் 11 ஆவது அப்படித்தான். இரட்டை உடல் படகுக்கு ஒன்றரை மடங்கு என்பது பல இடங்களில் நடைமுறை. நங்கூரத்திலும் அதே மடங்கு போட்டால் கேள்வி கேளுங்கள், சங்கிலிக்கு உடல் ஒன்றா இரண்டா என்று தெரியாது. 20 சதவீத வாட் வரி தொகைக்குள் இருக்கிறதா வெளியிலா என்று பாருங்கள். ஒரு நாள் என்பது 24 மணியா, நண்பகலிலிருந்து நண்பகலா, ஓர் இரவா என்று பாருங்கள். மதியம் சாப்பிட மட்டும் நிற்பவருக்குக் குறுகிய நேரக் கட்டணம் உண்டா என்றும் பாருங்கள். சிறுபடகில் கரையிறங்கும் பாண்டூன், குப்பை, குளியல் ஆகியவை அதில் அடக்கமா? அடக்கம் என்றால் அந்தக் கட்டணம் மலிவு.

நுழையுமுன் வி.எச்.எஃப். வானொலியில் கூப்பிடுவது நல்லது. அலைவரிசை எண்: சால்கம் 14, டார்ட்மவுத் 11, ஃபோவி 12. படகின் பெயர், முழு நீளம், எத்தனை இரவு, நங்கூரமா மிதவையா என்று நாலு தகவல் போதும். புயலுக்கு ஒதுங்கினால் அதை முதலிலேயே சொல்லுங்கள். விலக்குவதும் குறைப்பதும் துறை அதிகாரியின் கையில்தான், காசு கட்டியபின் சொல்வதில் பயனில்லை. ரசீதைப் படகிலேயே வைத்திருங்கள், காலையில் வேறு ஆள் வருவார்.

காசே கொடுக்க மனமில்லையா? கடல் வரைபடத்தில் துறை எல்லை ஊதாச் சிவப்புக் கோட்டுத்துண்டுகளாக அச்சிட்டிருக்கும். அதற்கு வெளியே துறையின் கட்டணம் செல்லாது. ஆனால் வெளியே பெரும்பாலும் அலையடிக்கும், தூக்கம் வராது. அந்தத் தூக்கத்துக்குத்தான் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

கொடுக்காமலே எல்லைக்குள் நின்றுவிட்டு நழுவலாம் என்பவர்களுக்கு இங்கிலாந்தின் 1847-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டத்தை நினைவூட்ட வேண்டும். கட்டணம் செலுத்துவோர் எல்லோருக்கும் துறை திறந்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் சொல்லும் அதே சட்டம், கட்டாதவரின் படகையும் அதன் கயிறு, தளவாடங்களையும் பிடித்து வைக்கவும் ஏழு நாளில் தீராவிட்டால் விற்கவும் இன்னொரு பக்கம் அதிகாரம் தருகிறது.

பதிலுக்கு ஒன்றும் தராத கட்டணத்துக்கு உதாரணம் வேண்டுமானால் கிரேக்கத்தைப் பார்க்கலாம். 2019 மே மாதம் வசூலிக்கத் தொடங்கிய டெபாய் வரி, 7 மீட்டருக்கு மேற்பட்ட உல்லாசப் படகு அந்நாட்டு நீரில் இருப்பதற்கே கேட்கிறது. துறைமுகத்தில் கட்டினால் அந்தக் காசு தனி. தொடக்கத்தில் வைத்த விகிதப்படி 10 முதல் 12 மீட்டர் வரை ஆண்டுக்கு 33 யூரோ. 12-ஐத் தாண்டினால் மீட்டருக்கு மாதம் 8 யூரோ, அதுவும் முதல் மீட்டரிலிருந்தே. 11.9 மீட்டர் படகுக்கு வருடம் முழுக்க 33; 12.1 மீட்டர் படகுக்கு ஒரே மாதத்தில் 96 யூரோ 80 சென்ட். இருபது சென்டிமீட்டர் ஃபைபர் கண்ணாடிக்கு இந்த விலை! இந்த மாதிரி வரியை ஒருவர் நீக்கினால் மக்கள் பட்டம் கொடுக்காமல் என்ன செய்வார்கள்? ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று ஓர் அரசனுக்கு நம்மூரில் பட்டமே உண்டு.

நங்கூரம் வைக்கும் இன்னொரு வகை செலவு, கடற்புல்லுக்கு வரும் சேதம். இங்கிலாந்தின் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் 2021 டிசம்பரிலிருந்து நங்கூரம் தவிர்க்கும்படி விரும்பினால் கடைப்பிடிக்கும் மண்டலம் ஒன்று அறிவித்திருக்கிறார்கள். சேதம் செய்வதில் நங்கூரத்துக்குச் சளைத்ததில்லை, தரையில் கிடந்து அரிவாள்போல் வழித்துக்கொண்டு சுற்றும் சங்கிலி. அதனால் அங்கே திருகுபோல மண்ணுக்குள் இறக்கிய தண்டும், தரையைத் தொடாத மீள்கயிறும் கொண்ட மிதவைகள் வந்திருக்கின்றன. அப்படியொரு மிதவைக்குக் காசு கேட்டால் நான் மறுபேச்சில்லாமல் கொடுக்கச் சொல்வேன். விட்ஸ்டபிள் தீர்ப்பு கேட்ட நன்மை கண்முன் மிதக்கிறது.

கட்டணம் அநியாயம் என்று தோன்றினால் வசூலுக்கு வரும் துறைப் படகுக்காரரிடம் சத்தம் போட்டுப் பயனில்லை, அவர் சம்பளத்துக்கு நிற்பவர். 1964-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டப்படி கட்டணப் பட்டியல் துறை அலுவலகத்தில் யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். அந்தச் சட்டத்தின் 31-ஆம் பிரிவின்படி, போதிய அக்கறை உடையவர்கள் அமைச்சரிடமே ஆட்சேபம் எழுப்பலாம். ஒற்றை யாட்காரராகப் போவதைவிடச் சங்கமாகப் போவதுதான் எடுபடும். சங்கிலிக் கணக்கையும் இணைத்து அனுப்புங்கள்.

இந்தப் பட்டியல் விஷயத்தில்தான் நம் பக்கத்துக் கடல் பின்தங்கி நிற்கிறது. இலங்கையின் காலிக்கோ திருகோணமலைக்கோ வரும் வெளிநாட்டு யாட் முகவர் ஒருவரை அமர்த்தியே உள்ளே வர வேண்டும். துறைமுகத்துக்குப் போவது எவ்வளவு, முகவருக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதிய சீட்டை வருமுன்பே கேட்டு வாங்காதவர், மொத்தத் தொகையைப் பார்த்துத் துறைமுகத்தைத் திட்டிவிட்டுப் போகிறார். இந்தியாவில் 1908-ஆம் ஆண்டுத் துறைமுகச் சட்டம், சரக்குக் கப்பலுக்குத் துறைக் கட்டணம் வைத்த கையோடு உல்லாச யாட்டுகளுக்கு விலக்கும் கொடுத்திருந்தது. நூற்றுப் பதினேழு வருடம் கழித்து 2025-இல் புதுச்சட்டம் வந்துவிட்டது. அந்தப் பழைய விலக்கு காகிதத்தில் இருந்த காலம் முழுக்க, சென்னைக்கு வரும் யாட்டுக்கு ஒதுங்கி நிற்க என்று ஒரு கட்டுமிதவை கேட்டால் எளிதில் கிடைத்ததில்லை. கட்டணம் இல்லை, நிற்க இடமும் அரிது.