பிளம்பர் பட்டியலில் விட்டுப்போன இருவர்

நீங்கள் வெளியிட்ட பிரபல பிளம்பர்கள் பட்டியலில் வீடியோ கேம் நாயகன் மரியோவுக்கு முதலிடமா? 1981இல் டாங்கி காங் விளையாட்டில் அறிமுகமானபோது அவர் தச்சர், 1983இல்தான் பிளம்பர் ஆக்கினார்கள், சரி போகட்டும். பிலிப் கிளாஸை எப்படி விட்டீர்கள்? பெரிய இசையமைப்பாளர், நியூயார்க்கில் வயிற்றுப்பாட்டுக்குக் குழாய் வேலை பார்த்தவர், ஒருமுறை டைம் இதழின் கலை விமர்சகர் ராபர்ட் ஹியூஸ் வீட்டில் பாத்திரம் கழுவும் மெஷின் பொருத்தப் போக, ஆளை அடையாளம் கண்டு ஹியூஸ் அதிர்ந்தே போனாராம், வேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்றிருக்கிறார் கிளாஸ். அப்புறம் ஐன்ஸ்டைன்! மறுபடி இளைஞனானால் விஞ்ஞானியாக மாட்டேன், பிளம்பராகவோ தெரு வியாபாரியாகவோ போவேன் என்று 1954இல் அமெரிக்க அரசியல் கெடுபிடியில் நொந்து எழுதினார். உடனே பிளம்பர் சங்கம் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. அந்த ஐன்ஸ்டைனை வைத்தே 1976இல் ஓபரா என்கிற இசை நாடகம் போட்டவர் யார் தெரியுமா, இதே கிளாஸ்தான்.