புருஷன் அடிச்சான்னு சொன்னாலே ஐரோப்பால அசைலமா?

"புருஷன் அடிச்சாருன்னு சொன்னா போதும், ஐரோப்பால அசைலம் (அகதியா அடைக்கலம்) குடுத்தே ஆகணும்னு கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு ஒரு ஃபார்வர்ட் சுத்துது, பொய்ங்க. 2024 ஜனவரி 16ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு குடுத்தது நிஜம்தான், ஆனா அது துருக்கியில இருந்து பல்கேரியாவுக்கு ஓடிவந்த ஒரு குர்திஷ் பெண்ணோட கேஸு, 16 வயசுல கட்டாயக் கல்யாணம், அடி உதை, விவாகரத்து, திரும்பிப்போனா குடும்பத்து ஆளுங்களே கௌரவக் கொலை பண்ணிடுவாங்கன்னு பயம். 1951 அகதிகள் ஒப்பந்தத்துல அகதியா ஏத்துக்கறதுக்கான காரணங்கள்ல ஒண்ணா வர்ற 'குறிப்பிட்ட சமூகக் குழு'வா (அந்தக் குழுவுல இருக்கறதாலயே கொடுமைக்கு ஆளாகறவங்க) பெண்களையும் எடுத்துக்கலாம்னுதான் கோர்ட் சொல்லுச்சு. அந்தப் பொண்ணுக்கே நேரா அசைலம் குடுக்கல, முடிவு பண்ற வேலை பல்கேரிய கோர்ட்டுக்கே திரும்பிப் போச்சு (ஃபார்வர்ட் பண்றவங்க தீர்ப்பைத் தொறந்துகூட பாத்திருக்க மாட்டாங்க). சொந்த நாட்டு அரசாங்கம் காப்பாத்துமா காப்பாத்தாதாங்கிறத ஒவ்வொரு கேஸுலயும் தனித்தனியாதான் பாப்பாங்க.