59,000 கோடி டாலர் எங்கே போனது?

2025 ஜனவரி 27 அன்று, செயற்கை நுண்ணறிவுக்கான சிப்களை விற்கும் அமெரிக்க நிறுவனமான என்விடியாவின் பங்கு ஒரே நாளில் 17 சதவீதம் சரிந்தது. சீனாவின் டீப்சீக் நிறுவனம் மிகக் குறைந்த செலவில் செயற்கை நுண்ணறிவு மாடல் செய்துவிட்டது, இனி இத்தனை சிப் தேவைப்படாதோ என்று அந்தச் செய்தி கிளப்பிய பீதி அது. ஏறக்குறைய 59,000 கோடி டாலர் ஆவியாகிவிட்டதாக உலகமெங்கும் தலைப்பு போட்டார்கள்.

ஆவியாவதற்கு அங்கே பணமே இல்லை. கடைசியாகக் கைமாறிய பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதுதான் சந்தை மதிப்பு. அன்று விற்றவர்கள் சிறு பகுதியினர். அவர்கள் ஒப்புக்கொண்ட விலையை, விற்காமல் வைத்திருந்த அத்தனை பேர் பங்குகள் மீதும் ஏற்றிக் கணக்குப் போட்டதால் வந்த தொகை அது. மறுநாளே பங்கு 9 சதவீதம் போல ஏறியது. பயந்து விற்றவருக்கும், கடன் வாங்கிப் பங்கு பிடித்திருந்தவருக்கும் வந்தது நிஜமான நஷ்டம். அவர்களைப் பற்றித்தான் செய்தியில் ஒரு வரியும் இருக்காது. எனக்கு இதில்தான் கோபம்.

அதே நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் 5 லட்சம் கோடி டாலர் மதிப்பைத் தொட்டதும், ஜப்பானின் ஜிடிபியைவிடப் பெரியது என்று பகிர்ந்தார்கள். ஜிடிபி ஒரு நாடு ஓராண்டில் உற்பத்தி செய்தது. சந்தை மதிப்போ, இனி வரப்போகும் லாபங்களையெல்லாம் எதிர்பார்த்து இன்று வைக்கும் விலை. இரண்டையும் எப்படி ஒரே தராசில் வைப்பது? 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த விற்பனை சுமார் 13,000 கோடி டாலர். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் அந்த எண்தான் ஓரளவுக்காவது பொருந்தும்.

2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் பீப்பாய் மைனஸ் 37.63 டாலரில், அதாவது விற்பவரே காசு கொடுத்துத் தள்ளிவிடும் நிலையில், முடிந்ததும் இப்படித் தவறாகப் படிக்கக்கூடிய எண்தான். அது மே மாதத்தில் எண்ணெய் கைமாற முன்கூட்டியே போட்ட ஒப்பந்தத்தின் விலை, மறுநாளோடு காலாவதி. அதற்குள் விற்காமல் ஒப்பந்தத்தைக் கையில் வைத்திருப்பவர் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் உள்ள குஷிங் நகரில் எண்ணெயை நேரில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊரடங்கில் தேவை படுத்துவிட்டதால் கிடங்குகளில் இடமில்லை. அதே நாளில் ஜூன் ஒப்பந்தம் 20 டாலருக்கு மேல்தான் இருந்தது.

வியக்க வேண்டிய எண்கள் நிறைய இருக்கின்றன. என்விடியா தன் சிப்களைத் தானே தயாரிப்பதில்லை. வடிவமைத்துக் கொடுக்க, தைவானின் டிஎஸ்எம்சி தயாரிக்கிறது. அந்தச் சிப்களில் நுண்ணிய வடிவங்களைப் பதிக்க வேண்டிய தீவிரப் புறஊதா ஒளி இயந்திரங்களை வணிக அளவில் செய்து விற்பது உலகிலேயே ஒரே நிறுவனம், நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல். அந்த ஒளிக்காக, உருகிய வெள்ளீயத் துளிகளை நொடிக்கு 50,000 என்ற வேகத்தில் விழச்செய்து ஒவ்வொன்றையும் லேசரால் அடிக்கிறார்கள். இத்தனை பெரிய தொழில் ஒரே ஒரு விற்பனையாளரை நம்பி நிற்கிறதே, அதை எத்தனை பேர் பகிர்ந்தோம்?